மார்பின்: அச்சமும் அளவீடும்

“மார்பின் கொடுத்தால் அப்பா அதற்கு அடிமையாகிவிட மாட்டாரா, டாக்டர்?” புற்றுநோய் வலிக்கு மருந்து எழுதித் தரும்போது குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. சிலர் கேட்பதும் இல்லை. மாத்திரையை அலமாரியில் பூட்டிவிட்டு, நோயாளி வலி தாங்காமல் அரற்றும் இரவுகளில் மட்டும் எடுத்துத் தருகின்றனர். இந்த அச்சத்தை நாங்கள் குறைகூறவில்லை. அறிவியலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது.

அபினிலிருந்து பெறப்படும் மார்பின், வலியைத் தணிப்பதோடு இன்ப உணர்வையும் தரக்கூடியது. அந்த இன்பமே மருந்தை மீண்டும் நாடத் தூண்டுகிறது. பேச இயலாத விலங்கிடம் அதை எவ்வாறு அளப்பது?

1962ஆம் ஆண்டு ஜேம்ஸ் வீக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழியை வெளியிட்டார். எலியின் இரத்தநாளத்தில் நுண்குழாய் பொருத்தப்பட்டது. எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் மார்பின் உடலுக்குள் செல்லும். மார்பினுக்குப் பழக்கப்பட்ட எலிகள் தாமாகவே அழுத்தி அதைப் பெற்றுக்கொண்டன. பின்வந்தோர் ஒவ்வொரு முறையும் தேவையான அழுத்தங்களின் எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே சென்று, எலி எந்த இடத்தில் முயற்சியைக் கைவிடுகிறது என்று கண்டனர். அதுவே நாட்டத்தின் அளவு.

மற்றொரு முறையில் இரண்டு அறைகள் கொண்ட பெட்டி பயன்படுகிறது. சில நாட்கள் ஓர் அறையில் மார்பினும், மற்றதில் வெறும் உப்புநீரும் ஊசிவழி தரப்படும். பிறகு மருந்து ஏதுமின்றி இடைக்கதவு திறக்கப்படும். எலி எந்த அறையில் அதிக நேரம் தங்குகிறது என்பது கணக்கிடப்படும்.

இங்கேதான் நமக்கு வேண்டிய செய்தி கிடைக்கிறது. மூட்டு அழற்சி உள்ள எலிகள், வலியற்ற எலிகளைவிடக் குறைவாகவே மார்பினைச் செலுத்திக்கொண்டதாக 1989இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. அழற்சி வலியுள்ள எலிகளிடம் மார்பின் அறையின்மீதான நாட்டம் குறைந்ததைப் பிற ஆய்வுகளும் காட்டின. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. எலி மனிதனும் அன்று. எனினும், வலியுள்ள உடலும் வலியற்ற உடலும் இம்மருந்தை ஒரே விதமாக ஏற்பதில்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

அடிமையாகும் வாய்ப்பு அறவே இல்லை என்று நாங்கள் கூறமாட்டோம். முன்பு மது அல்லது போதைப் பழக்கம் இருந்திருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள். கூடுதல் கவனத்துடன் மருந்தளவை அமைப்போம். தொடர்ந்து உட்கொண்ட மருந்தைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை தோன்றலாம். அது உடலின் பழக்கமே தவிர, அடிமைத்தனம் அன்று. ஆகவே நீங்களாக நிறுத்தவோ, அளவைக் கூட்டவோ வேண்டாம்.

குறித்த நேரத்தில், குறித்த அளவில் கொடுங்கள். மலச்சிக்கலுக்குத் தரப்படும் மருந்தையும் தவறவிடாதீர்கள். அளவுக்கு மீறிய உறக்கமோ, மூச்சு மந்தமாவதோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மாத்திரைகளைப் பூட்டி வைப்பது நல்லதே. ஆனால் அந்தப் பூட்டு குழந்தைகளுக்கும் பிறருக்கும்தான், வலியால் துன்புறும் நோயாளிக்கு அன்று.