திரையருகே நின்ற பென்ஷி

ஊமைப்படக் காலத்தில் ஜப்பானியத் திரையரங்குகள் ஊமையாக இருந்ததில்லை. திரையின் பக்கத்தில் பென்ஷி எனப்படுவோர் நின்று கதையை விளக்கி, ஆண், பெண், கிழவர், குழந்தை அனைவருக்கும் தாமே குரல் கொடுப்பர். பொம்மலாட்டத்துக்கு அருகிருந்து கதை பாடும் மரபு அந்நாட்டில் முன்பே வேரூன்றியிருந்தமையால் மக்களுக்கு இது விந்தையாகத் தோன்றவில்லை. நடிகரைவிடப் பென்ஷியின் பெயருக்காகவே சீட்டு வாங்கியோர் பலர். படம் மந்தமானாலென்ன, சொல்பவர் வல்லவரானால் போதும்! 1917இல் தோக்கியோ காவல்துறை இவர்களுக்கு உரிமச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அவர்தம் பேச்சுக்கு இருந்த வலிமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1931இல் கோஷோ இயக்கிய படம், ஜப்பானின் முதல் முழுப் பேசும்படமாக வெளிவந்தது. கருவியே பேசும்போது ஆளுக்குக் கூலி எதற்கு என்றெண்ணினர் முதலாளிகள். 1932இல் பென்ஷிகள் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவாவின் தமையனார் ஹெய்கோ. எந்தப் படம் பார்க்கத்தக்கது என்று தம்பிக்கு எடுத்துச் சொன்னவர் அவரே. 1933இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

தொகுகவா முசேய் போன்ற சிலருக்கு வானொலி இடமளித்தது; குரல்வளம் வாய்ந்த எல்லார்க்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1970களில் இக்கலையைப் பயின்ற சவாதோ மிதோரி அம்மையார், பழைய படங்களுக்கு மீண்டும் அந்தக் குரலை அளித்தார்.