தலை எண்ணிக்கை இல்லாத தலைவர்!

பீகாரில் ஒருத்தர் ஓட்டுக் கேட்கக் கிளம்பினால், 'உன் ஜாதிக்கு எத்தனை தலை?' என்றுதான் முதலில் கேட்பார்கள். கர்பூரி தாக்கூர் அந்தக் கணக்கில் சைபர்!

சமஸ்திபூர் பக்கம் பிதௌஞ்சியா கிராமம். 1924-ல் பிறந்தார். அப்பாவுக்குச் சவரத் தொழில். நாவிதர் சமூகம், 2023 கணக்கெடுப்பில்கூட நூற்றுக்கு இரண்டு பேர் தேறவில்லை. ஆனாலும், 1952-லிருந்து சட்டசபைக்கு நின்றபோதெல்லாம் மனுஷர் ஜெயித்தார்!

1967-ல் கல்வி மந்திரி. மெட்ரிக் பாஸாக இங்கிலீஷ் கட்டாயமில்லை என்றார். கேலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இங்கிலீஷில் கோட்டைவிட்டுப் பாஸானவர்களுக்கு 'கர்பூரி டிவிஷன்' என்று பட்டம் கட்டினார்கள்.

இரண்டாம் முறை முதல்வரானபோதுதான் வந்தது வினை. 1978-ல் 26 சதவிகித இட ஒதுக்கீடு. அதை அப்படியே பெரிய ஜாதிகள் விழுங்கிவிடக் கூடாதே! மிகவும் பிற்பட்டோருக்கென்று தனியாக 12, மற்ற பிற்பட்டோருக்கு 8, பெண்களுக்கு 3, உயர்ஜாதி ஏழைகளுக்கு 3 என்று பந்தி பிரித்துப் பரிமாறினார். சொந்த ஜனதா கட்சியிலேயே கொதித்தெழுந்தார்கள். 1979-ல் நாற்காலி போச்சு.

1988-ல் காலமானார். அன்று அவரைக் கவிழ்த்ததில் பழைய ஜனசங்கத்தினருக்கும் பங்குண்டு. அவர்கள் வழிவந்த பி.ஜே.பி. அரசுதான் 2024-ல், நூற்றாண்டில், பாரத ரத்னா கொடுத்தது. காரணம் புரிகிறதா? 2023 கணக்குப்படி மிகவும் பிற்பட்டோர் 36 சதவிகிதமாம்.

தலை எண்ணிக்கை இப்போது அவர் பக்கம்!