நேற்று படித்தது இன்று மறந்துபோச்சா? மூளைக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது

பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போகணும். எங்கே மாறுவீர்கள்?

"பூகிஸ்ல இறங்கி டௌன்டவுன் பாதை எடுக்கணும்." யோசிக்காமலேயே பதில் வந்துவிடும்.

ஆனால் நேற்று இரவு 11 மணிக்கு மனப்பாடம் செய்த வேதியியல் சமன்பாடு? காலையில் காணோம்!

ஒரு நினைவு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இன்னொன்று ஓர் இரவைக்கூடத் தாண்டவில்லை. ஏன் அப்படி? இதற்குப் பதில் தேடுவது மருத்துவர்கள் மட்டுமல்ல, கணிதம் போடுபவர்களும்தான்.

நினைவு எங்கே பதிகிறது?

மூளையில் சுமார் 86 பில்லியன் நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் அணு அடுத்த அணுவிடம் பேசும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர்.

1973இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ என்ற இருவர் முயல்களின் மூளையில் வேகமான மின்தூண்டலைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பின் அந்த சினாப்ஸ்கள் பல மணிநேரம் வலுவாகவே இருந்தன. நினைவு பதிவது இப்படித்தான் என்று பலரும் நம்பத் தொடங்கினர்.

இங்கேதான் ஒரு சிக்கல். சினாப்ஸில் உள்ள புரதங்கள் நிரந்தரமானவை அல்ல. பழையவை சிதையும், புதியவை வரும். பொருளே மாறிக்கொண்டிருந்தால் நினைவு எப்படி மாறாமல் இருக்கும்? மரபணுவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1984இல் எழுப்பிய கேள்வி இது.

அடுத்த ஆண்டே ஜான் லிஸ்மன் ஒரு கணித மாதிரியோடு வந்தார்.

ஓர் உருமி மேளக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் விலகுவார்கள், புதுப் பையன்கள் சேருவார்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவர் புதியவருக்குத் தாளத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஆட்கள் அத்தனை பேரும் மாறினாலும் தாளம் மாறாது.

சினாப்ஸில் நிறைய இருக்கும் கேம்கே-2 என்ற புரதம் அப்படிப்பட்டது. ஒவ்வொன்றிலும் 12 சிறு பகுதிகள். "ஆன்" ஆன பகுதி பக்கத்துப் பகுதியையும் "ஆன்" செய்யும். இன்னொரு நொதி அவற்றை "ஆஃப்" செய்துகொண்டே இருக்கும். இரண்டு வேகங்களையும் சமன்பாடாக எழுதினால், எல்லாம் "ஆஃப்", ஏறக்குறைய எல்லாம் "ஆன்" என்ற 2 நிலைகள் மட்டுமே உறுதியாக நிற்கும். வீட்டு விளக்கின் சுவிட்ச் மாதிரி.

இதில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லாவின் குழு 2018இல் கணினி மாதிரி ஒன்றை வெளியிட்டது. இந்தப் புரதங்கள் தங்கள் பகுதிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும்போது சுவிட்ச் இன்னும் நிலையாக இருக்கிறது என்று அது காட்டியது. உண்மையான மூளையில் நினைவைக் காப்பது இந்தப் புரதம்தானா என்ற விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

வாசல் கதவில் ஒரு சீட்டு

ஒரு நினைவு நெடுநாள் நிற்க, நரம்பணு புதுப் புரதம் தயாரிக்க வேண்டும். சரி, ஆயிரக்கணக்கான சினாப்ஸ்களில் எது கேட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்?

1997இல் ஜூலியட்டா ஃபிரே, ரிச்சர்ட் மோரிஸ் இருவரும் சொன்ன பதில் எளிமையானது. தூண்டப்பட்ட சினாப்ஸ் தன் மீது ஓர் அடையாளத்தை ஒட்டிக்கொள்கிறது. புளோக் முழுக்கப் பொட்டலம் வந்தாலும், கதவில் சீட்டு ஒட்டிய வீடுதான் எடுத்துக்கொள்ளும். சீட்டு சில மணிநேரம்தான் தாங்கும்.

இதில் சுவாரசியம் என்ன தெரியுமா? பொட்டலத்தை வரவழைத்தது பக்கத்து வீடாக இருந்தாலும் பரவாயில்லை! பலவீனமான நினைவு, அதே நேரத்தில் வந்த வலுவான அனுபவத்தின் தயவில் பிழைத்துக்கொள்ளும்.

அர்ஜென்டினாவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். கதை வாசித்ததற்கு ஒரு மணிநேரம் முன்போ பின்போ, புதுமையான அறிவியல் அல்லது இசைப் பாடம் நடந்தால் கதை நன்றாக நினைவில் நின்றது. 4 மணிநேர இடைவெளி விட்டால் அந்தப் பலன் இல்லை. ஆய்வு வெளியான ஆண்டு 2013.

சுவிட்ஸர்லந்தில் கிளாடியா கிளோபத்தும் சக ஆய்வாளர்களும் 2008இல் இந்தச் சீட்டுக் கதையைச் சமன்பாடாக்கினார்கள். 2 பள்ளங்கள், நடுவே ஒரு மேடு, அதில் ஒரு பந்து. சீட்டும் புரதமும் சேர்ந்து வந்தால்தான் தரை சாய்ந்து, பந்து அடுத்த பள்ளத்துக்கு உருளும். உருண்டபின் லேசில் திரும்பாது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதுமே? போதாது. இறுகிய சினாப்ஸ் புதிதாக எதையும் கற்காது. இளகிய சினாப்ஸ் பழையதை அழித்துவிடும்.

2016இல் மார்க்கஸ் பென்னா, ஸ்டெஃபனோ ஃபூசி இருவரும் தந்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சினாப்ஸை வரிசையாக இணைத்த தண்ணீர்க் குவளைகளாகப் பாருங்கள். முதல் குவளை சிறியது. அடுத்தடுத்தவை பெரியவை, ஆனால் இணைக்கும் குழாய்கள் குறுகிக்கொண்டே போகும். புதிய அனுபவம் முதல் குவளையில்தான் விழும். ஆழத்துக்குப் போக நேரம் பிடிக்கும், போனது எளிதில் வற்றாது.

எளிய சினாப்ஸ் மாதிரியில், சினாப்ஸ்களை 10 மடங்காக்கினாலும் நினைவு நிற்கும் காலம் கொஞ்சம்தான் கூடும். குவளை மாதிரியில் ஏறக்குறைய 10 மடங்கு கூடுகிறது. தேர்வுக்கு முந்தின இரவு மொத்தமாக ஊற்றினால் முதல் குவளை வழிந்துவிடும் என்று நீங்களே ஊகிக்கலாம். இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாக நிற்கும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டதுதான்.

பாட்டிக்குக் கம்பத்து வீட்டின் ஒவ்வொரு மூலையும் நினைவிருக்கும், காலையில் என்ன சாப்பிட்டார் என்பது இருக்காது. சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் ஆய்வு காட்டியது. அல்ஸைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபடுபவற்றில் சினாப்ஸும் ஒன்று.

ஃபிரேயிடம் ஆய்வு செய்த சஜிகுமார் ஸ்ரீதரன் இப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில் இதே சீட்டுகளைத்தான் ஆராய்கிறார். வயதான எலிகளின் மூளைத் திசுவில் சீட்டு ஒட்டும் வேலை சரியாக நடப்பதில்லை. எச்டிஏசி-3 என்ற நொதியைத் தடுத்தபோது அது மீண்டும் நடந்தது என்று அவருடைய குழு 2015இல் எழுதியது. எலித் திசுவில் நடந்தது மனிதருக்கு மருந்தாக வர இன்னும் வெகுதூரம் இருக்கிறது.