தலைகீழ் மூளைப் பறவையும் குதிக்கும் வாத்துக் குஞ்சும்!

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்துக்கு மேற்கே சுமார் 42 கிலோமீட்டரில், ஜெட் விமானங்கள் இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் இன்று வாத்துகள் இறங்குகின்றன, தெரியுமா? நியூஜெர்சியின் கிரேட் ஸ்வாம்ப் என்னும் சதுப்புக் காடுதான் அது! 1959-இல் அங்கே பிரம்மாண்டமான விமான நிலையம் கட்டத் திட்டம் வந்தது. ஊர்மக்கள் விடவில்லை. பணம் திரட்டினார்கள், நிலத்தை வாங்கினார்கள், அதை மத்திய அரசிடமே தானமாகக் கொடுத்தார்கள்! 1960-இல் அது வனவிலங்குப் புகலிடம் ஆயிற்று.

அங்கே பறவை பார்க்க மார்ச் மாத விடியலைப் போல வேறு நேரம் கிடையாது. மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. எதையும் மறைக்க ஓர் இலைகூட இல்லை!

இருள் பிரியுமுன்பே தரையிலிருந்து 'பீன்ட்... பீன்ட்' என்று ஒரு மூக்கொலி. அதுதான் உள்ளான் வகையைச் சேர்ந்த வுட்காக். துணையை ஈர்க்க ஆண் பறவை சுழன்று சுழன்று 60 முதல் 90 மீட்டர் உயரம் வரை எழும்பும். அப்போது கேட்கும் கிறுகிறுப்பு ஒலி தொண்டையிலிருந்து வருவதல்ல; இறக்கை ஓரத்து மூன்று ஒடுங்கிய இறகுகளில் காற்று பாய்ந்து எழுப்புவது! இன்னும் கேளுங்கள். அலகை மண்ணில் செருகி மண்புழு தேடும்போதே அதற்குப் பின்புறமும் தெரியும். கண்கள் அவ்வளவு பின்னால் இருக்கின்றன. அதனால் காதுகள் கண்களுக்கு முன்னே வந்துவிட்டன. மூளையோ ஏறக்குறைய தலைகீழ்! அலகின் மேல்நுனி மட்டும் தனியே வளையும்; மண்ணுக்குள்ளேயே வாயைத் திறந்து புழுவைக் கவ்விவிடும். ஒரே பறவைக்குள் எத்தனை விந்தை!

கீழேயும் பாருங்கள்: ஸ்கங்க் கேபேஜ் என்னும் செடி தானே வெப்பம் உண்டாக்கி, பனியை உருக்கிக்கொண்டு பூக்கிறது! கோரைப் புல் உச்சியில் கத்துகிறதே, தோளில் சிவப்புத் திட்டுள்ள கரும்பறவை? அவற்றில் ஆண் பறவைகள் முன்கூட்டியே வந்து இடம் பிடிக்கின்றன. பெண் பறவைகள் பிறகுதான் வரும். மரத்தைத் தட்டும் மரங்கொத்தியையும் கவனியுங்கள்: அதன் நாக்கின் அடிப்பகுதி மண்டையோட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே அடங்கியிருக்கிறது!

எல்லாவற்றையும் விஞ்சுவது மர வாத்து. மார்ச்சில் இணை இணையாக வந்து மரப்பொந்துகளை எட்டிப் பார்க்கும். பின்னர் குஞ்சு பொரித்த மறுநாளே தாய் கீழே நின்று கூப்பிடும், அவ்வளவுதான்! பறக்கத் தெரியாத குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதிக்கும். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடுவதில்லை! இத்தனை அழகான வாத்து, வேட்டையாலும் காடழிப்பாலும் ஒருகாலத்தில் அழிவின் விளிம்புக்கே போனது. 1918-இன் பறவைப் பாதுகாப்புச் சட்டமும் மக்கள் மாட்டி வைத்த கூட்டுப் பெட்டிகளும் அதை மீட்டன.

நியூஜெர்சிக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களே, மார்ச்சில் ஒரு காலையை இதற்கென ஒதுக்குங்கள். பைனாகுலரும் கம்பளிச் சட்டையும் போதும். சேற்றில் கால் படாமல் நடக்க மரப்பாதை உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது!