துபாயா, சிங்கப்பூரா: எது தூரம்?

பரவையில் நீங்கள், மகன் துபாயில், மகள் சிங்கப்பூரில். யார் அதிகத் தொலைவில்? கூகுள் எர்த்தில் அளவுகோல் ஐகானைக் க்ளிக் செய்யுங்கள். மதுரை விமான நிலையத்தில் ஒரு க்ளிக், துபாயில் ஒரு க்ளிக். சிங்கப்பூருக்கும் அப்படியே. இரண்டுமே ஏறக்குறைய 3,000 கி.மீ.தான்! நேரடி விமானத்தில் சுமார் 4 மணி நேரம்.

டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னே; சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே. காலை 10-க்குக் கிளம்பினால் துபாயில் பகல் 12.30, சிங்கப்பூரில் மாலை 4.30. துபாயின் 12.30-ஐ நம் நேரம் என்று நினைத்தால், மகன் வானில் இருக்கும்போதே 'போன் வரவில்லையே' என்று ஒன்றரை மணி நேரம் வீணாகத் தவிப்பீர்கள். விண்டோஸ் கடிகார அமைப்பில் அந்த ஊர் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.