ஹிரோஷிமா அமைதிப் பூங்கா: புல்வெளிக்குக் கீழே ஓர் ஊர் இருக்கு!

ஜப்பானின் ஹிரோஷிமா அமைதி நினைவுப் பூங்காவை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரை, மரங்கள், பரந்த புல்வெளி, எதிர்க்கரையில் சிதைந்த குவிமாடம். ‘குண்டு ஏதோ வெட்டவெளியில விழுந்திருக்கும் போல’ என்றுகூடத் தோன்றும்.

உண்மை வேறு. 1945 ஆகஸ்ட் 6 காலை வரை இது நகாஜிமா என்ற நெருக்கமான குடியிருப்பு. வீடுகள், கடைகள், புத்தர் கோயில்கள் எல்லாம் இருந்தன. பக்கத்திலிருக்கும் ‘டி’ வடிவ அயோய் பாலம்தான் அமெரிக்க விமானத்தின் குறி. குண்டு சற்றுத் தள்ளி, சுமார் 600 மீட்டர் உயரத்தில், காலை 8.15-க்கு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரில் சுமார் 1.4 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. பிறகு அந்த மண்ணை நிரவித்தான், கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கேயின் வடிவமைப்பில் பூங்கா அமைத்தார்கள்.

இடிக்கச் சொன்ன குவிமாடம்

இன்று எல்லோரும் போட்டோ எடுக்கும் குவிமாடம், செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்து 1915-ல் திறக்கப்பட்ட பொருட்காட்சிக் கூடம். குண்டு வெடித்தபோது உள்ளே இருந்த எல்லோரும் இறந்தார்கள். போருக்குப் பிறகு, ‘பார்த்தாலே அந்த நாள் ஞாபகம் வருது, இடிச்சிடுங்க’ என்றது ஒரு தரப்பு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்தானே!

1960-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்த 16 வயது மாணவி ஒருவர், இந்தக் கட்டடம்தான் குண்டின் கொடுமையை உலகுக்குச் சொல்லும் என்று டைரியில் எழுதியிருந்தார். அவருக்குக் கதிர்வீச்சு பட்டது 1 வயதில். அந்த டைரியைப் படித்த பிள்ளைகள் கையெழுத்து வேட்டையில் இறங்க, 1966-ல் கட்டடத்தைப் பாதுகாக்க மாநகர சபை தீர்மானம் போட்டது. 1996-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோதும் அமெரிக்கா அந்த முடிவிலிருந்து விலகி நின்றது.

யாருக்கு இடம்?

குண்டுவீச்சில் ஆயிரக்கணக்கான கொரியர்களும் இறந்தார்கள். அப்போது கொரியா ஜப்பானின் காலனி. கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் இதில் உண்டு. அவர்களுக்கு 1970-ல் எழுந்த நினைவுச் சின்னம் பூங்காவுக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. உள்ளே வர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அருங்காட்சியகத்திலும் சர்ச்சைக்குக் குறைவில்லை. தோல் உரிந்து நடக்கும் மனிதர்களைக் காட்டிய பொம்மைகளை 2017-ல் எடுத்தார்கள். பலர் எதிர்த்தார்கள். இறந்தவர்களின் நிஜப் பொருள்களே பேசட்டும் என்றது நிர்வாகம். ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. ஓட்டிய பையனுக்கு வயது 3. மகனை வீட்டுத் தோட்டத்தில் சைக்கிளோடு புதைத்த அப்பா, 40 ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதற்கு முன்னால் எந்த பொம்மையும் தேவைப்படாது.

பூங்காவின் நடுவே வளைந்த கல் நினைவிடம். அதன் கீழே கல்பெட்டியில் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள். ஒவ்வொரு ஆகஸ்ட் 6-லும் புதுப் பெயர்கள் சேர, இப்போது 3.4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வடக்கே, புல் மூடிய மேட்டின் அடியில் சுமார் 70 ஆயிரம் பேரின் அஸ்தி. பெரும்பாலானோர் யாரென்றே தெரியாது.

போகிறவர்கள் 2022-ல் திறந்த சிறிய காட்சிக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். பூங்கா மண்ணைத் தோண்டியபோது கிடைத்த நகாஜிமா வீடொன்றின் தரை, கரிந்த பாய்களோடு, அப்படியே அங்கே இருக்கு.