‘கதிரை’ என்று சொன்னால் பிழையா?

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. சில மணி நேரக் கடற்பயணம். ஏறுகிற துறையில் ‘கதிரை’, ‘சப்பாத்து’, ‘ஓம்’. இறங்குகிற துறையில் ‘சேர்’, ‘ஷூ’, ‘ஆமா’. இங்கே ‘அவன் பேசினான்’ என்றால் திட்டினான் என்று பொருள். அங்கே சும்மா கதைத்தான், அவ்வளவுதான். காது கேட்கிறவருக்கு இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. காது கேளாத பிள்ளைக்கும் அதன் மொழியை அளக்கிறவருக்கும் இது சிக்கலான விடயம்.

செவிப்புலன் கருவியோ, உட்காதில் பொருத்தும் கொக்லியர் கருவியோ அணிந்த பிள்ளைக்கு மொழி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அறிய, படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். வாயை மறைத்துச் சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வதும் உண்டு. அந்தச் சொற்பட்டியல் சென்னைத் தமிழில் இருந்தால், படத்தைப் பார்த்துக் ‘கதிரை’ என்ற யாழ்ப்பாணப் பிள்ளைக்குப் புள்ளி போய்விடும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றால் உச்சரிப்புக் குறைபாடு என்று எழுதிவிடவும் கூடும். ஆனால் பிள்ளையின் தாயும் ‘பளம்’ என்றுதான் சொல்வார். குடாநாட்டுப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்து நெடுங்காலமாகிறது.

வட்டார வழக்கு வேறு, பேச்சுக் குறைபாடு வேறு என்பது பேச்சு சிகிச்சைத் துறையின் அடிப்படைப் பாடம். கேட்கும் பிள்ளையிடம் இரண்டையும் பிரித்தறிவது எளிது. கேளாத பிள்ளையிடம் இரண்டும் கலந்தே வரும். வழக்கைக் குறைபாடு என்று எண்ணினால் மாதக்கணக்கில் வீண் பயிற்சி. குறைபாட்டை வழக்கு என்று விட்டுவிட்டால், கருவி சரியாக வேலை செய்யாததை யாரும் கவனிக்காமல் போகலாம். இரண்டாவது தவறுதான் கூடுதல் ஆபத்தானது.

வழக்கு வேறுபாடு தொடாத சோதனையும் ஒன்று உண்டு. டானியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை அது: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். பேச்சொலிகளின் தாழ்ந்த முனையில் ‘ம்’ நிற்கிறது, உயர்ந்த முனையில் ‘ஸ்’. காலையில் கருவியை மாட்டியதும் தாய் பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒலி கேட்டதும் பிள்ளை கை தூக்கும், அல்லது அதையே திருப்பிச் சொல்லும். ‘ஸ்’ மட்டும் கேட்கவில்லை என்றால் உயர் அதிர்வெண் ஒலிகள் எட்டவில்லை என்று தெரிந்துவிடும். மின்கலம் தீர்ந்ததுகூட இப்படியே பிடிபடும். ஒலி காதுக்கு எட்டுகிறதா என்பதோடு இந்தச் சோதனையின் வேலை முடிகிறது. எட்டிய ஒலி எப்படி மொழியாகிறது என்ற இடத்தில்தான் வட்டாரம் நுழைகிறது.

பத்து, பற்று, பட்டு என்ற மூன்றையும் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணப் பேச்சில் நடுவிலுள்ள மெய்கள் மூன்றும் மூன்று இடத்தில் பிறப்பவை: நா நுனி பல்லைத் தொட்டால் ‘த்த’, பல்லின் மேல் முரசைத் தொட்டால் ‘ற்ற’, வளைந்து அண்ணத்தைத் தொட்டால் ‘ட்ட’. பேராசிரியர் சு. சுசீந்திரராசா போன்ற மொழியியலாளர் விரிவாக ஆராய்ந்த ஒலியமைப்பு இது. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘காற்று’ பெரும்பாலும் ‘காத்து’ ஆகிவிடுவதால், அங்கே இந்த மூன்றில் ஒன்று அருகிவிட்டது. மூன்றும் உதட்டில் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும். உதடு பார்த்துப் பிரிக்க வழியில்லை. செவியால் பிரிப்பதற்கும் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே கிடைக்கும். நலமான உட்காதில் ஒலியை மூளைக்கு அனுப்பும் உள்வரிசை மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500. கொக்லியர் கருவியில் மின்வாய்கள் பொதுவாக 12 முதல் 22 வரைதான். யாழ்ப்பாணப் பிள்ளைக்கு அந்தச் சில மின்வாய்களைக் கொண்டு ஒரு பிரிப்பு கூடுதலாகச் செய்யவேண்டியிருக்கிறது.

இப்படி ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சி எப்போது தொடங்க வேண்டும்? ஜனெட் வேர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில் ஹிந்தியின் தகர, டகர வேறுபாட்டை நன்றாகவே உணர்ந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாக மங்கிவிட்டது. வீட்டில் ஒலிக்காத வேறுபாட்டை மூளை கைவிட்டுவிடுகிறது. கேளாத பிள்ளைக்கு அந்த முதலாண்டு முழுவதுமே ஓசையின்றிக் கழிந்துவிடக்கூடும். அதனால்தான் ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று உலகெங்கும் வலியுறுத்துகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 150 பிள்ளைகளை ஆராய்ந்து கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழு 1998-இல் வெளியிட்ட முடிவும் இதையே சொன்னது: ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டவர்கள் மொழியில் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னே நின்றார்கள்.

அப்படியானால் பிள்ளையோடு எந்தத் தமிழில் கதைப்பது? வீட்டுத் தமிழில்தான். ‘திருத்தமான’ தமிழில் பேசவேண்டும் என்று நினைத்து, தாய் தனக்குப் பழக்கமில்லாத நடையில் சொல் சொல்லாக நிறுத்திப் பேசினால், பேச்சே குறைந்துபோகும். தொலைக்காட்சியின் தமிழ்நாட்டுத் தமிழும் ஈடாகாது. பிள்ளை கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லாது.

புத்தகத் தமிழ் பிறகு வேண்டும். கேட்கும் பிள்ளை அதைக் கோயிலில், வானொலியில், பெரியவர்கள் தங்களுக்குள் கதைக்கும்போது ஓரமாய் நின்று பிடித்துக்கொள்கிறது. கேளாத பிள்ளைக்கு அந்த ஓரக்கேள்வி வாய்ப்பதில்லை. ஆகவே ‘வாறன்’ என்பது எழுத்தில் ‘வருகிறேன்’ ஆகும் என்பதை உட்கார்த்தி வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘வாறன்’ என்று எழுதியதற்காகக் கண்டிக்கக் கூடாது.

கைகளின் மொழியிலும் வட்டாரம் உண்டு. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு என்பதை வில்லியம் ஸ்டோக்கோ 1960-இலேயே காட்டினார். செவிப்புலனற்ற பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அதனால் சைகை பெரும்பாலும் தாயிடமிருந்து வருவதில்லை. பாடசாலை விடுதியில் பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகிறது. பிரித்தானியாவில் எண்களுக்கான சைகைகூட ஊருக்கு ஊர் மாறுவது இதனால்தான். இலங்கையிலும் 1912-இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலை, தென்மராட்சியின் கைதடியில் இயங்கும் நஃபீல்ட் பாடசாலை என்று பாடசாலைதோறும் சைகை வழக்குகள் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டைக் குழப்பம் என்று ஒதுக்கி ஒரே அகராதியைத் திணித்தால், பிள்ளை கையில் இருக்கும் மொழியையும் இழக்கும். சைகை பேச்சைக் கெடுக்கும் என்ற பழைய அச்சத்துக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

செய்யவேண்டியது நம் கைக்கு எட்டாததல்ல. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் அறிவியலுக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழை ஆராய்ந்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்திருக்கிறார்கள். இருதரப்பும் சேர்ந்து ‘கதிரை’யும் ‘சப்பாத்து’ம் உள்ள, குடாநாட்டு ஒலிகளைக் கணக்கில் எடுத்த சொற்பட்டியலை ஆக்கிக் கொடுக்கவேண்டும். அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது, உங்கள் வீட்டில் எந்தப் பொருளை எப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையோடு உங்களுடைய தமிழிலேயே கதையுங்கள், நிறையக் கதையுங்கள்.